வினோதினியின் கடிகாரத்தில் மிச்சம்

மழை தொடங்கி உப்பளங்களில் வேலை நின்றுபோயிருந்த சமயம். பிச்சையா ஒரு கைக்கடிகாரத்தை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு பெலிசிட்டாவின் கடைக்கு வந்தார். தளும்பத் தளும்ப நிறைந்த சொம்பைக் கொண்டுவருகிறவர் மாதிரி, தோள் அசையாமல், அடி பார்த்து வைத்து வந்தார். பஸ் குலுங்கும் என்று முத்தையாபுரத்திலிருந்து தூத்துக்குடி வரைக்கும் நடந்தே வந்திருந்தார்.

பெலிசிட்டாவுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. பெங்களூரில் ஒரு கம்பெனியின் கடிகாரம் பழுதுபார்க்கும் பிரிவில் பல வருஷம் இருந்துவிட்டு, சொந்த ஊருக்குத் திரும்பிக் கடை போட்டவர். பேச்சு குறைவு. யார் வந்தாலும் முதலில் கையை நீட்டுவார். கடிகாரத்தைப் பார்த்த பிறகுதான் வந்தவர் முகத்தைப் பார்ப்பார்.

பிச்சையா நீட்டிய கையில் கொடுக்கவில்லை. மேஜைமேல் பஞ்சை விரித்து, அதன்மேல் வைத்தார்.

"அசைக்காமப் பாக்க முடியுமா?" என்றார்.

பெலிசிட்டா கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்தார். பெண்கள் கட்டும் ஆட்டோமேட்டிக் கடிகாரம். கண்ணாடிக்கு உட்புறம் ஆவி படிந்திருந்தது. பக்கவாட்டில் இருக்கும் சாவிக் குமிழ் வெளியே இழுபட்டு நின்றது.

"குமிழை யாரு இழுத்தது?"

"நான்தான்."

"எப்ப?"

"சித்திரையில."

கார்த்திகை நடந்துகொண்டிருந்தது. பெலிசிட்டா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

பிச்சையா சொன்னார். அதிகம் பேசிப் பழக்கமில்லாதவர். உப்பளத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரைக் கவனித்துக்கொண்டு தனியாகவே காலம் கழித்தவர். நடுநடுவே நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

வினோதினி அவருக்கு ஒரே பிள்ளை. நர்ஸாக இருந்தாள். நாடி பிடித்து எண்ண நல்ல வினாடி முள் வேண்டும் என்று தேடித் தேடி இந்தக் கடிகாரத்தை வாங்கினாள். இதற்கு பேட்டரி கிடையாது. கட்டியிருக்கும் கை அசைய அசைய உள்ளே ஸ்பிரிங் தானாகச் சுற்றிக்கொள்ளும். நான் நடந்தால் இதுவும் நடக்கும் என்று அப்பனிடம் காட்டிக் காட்டிச் சிரிப்பாள். சித்திரையில் காய்ச்சல் வந்தது. அவள் வேலை பார்த்த வார்டிலேயே படுக்க வைத்தார்கள். காய்ச்சல் தலைக்கேறியபோது அவள் கை சும்மா கிடக்கவில்லை. பக்கத்தில் யாரோ நோயாளி படுத்திருப்பதாக நினைத்து, கட்டிலின் ஓரத்தைத் தடவித் தடவி நாடி தேடிக்கொண்டே இருந்தது. கடைசிவரை தேடியது. பிறகு கூட வேலை பார்த்த பிள்ளைகள் கடிகாரத்தைக் கழற்றி, துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். வீட்டில் யாரோ அதை அலமாரித் தட்டில் வைத்தார்கள்.

மறுநாள் பிச்சையா சாம்பல் கரைத்துவிட்டு வந்து அலமாரியைத் திறந்தார். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் கை கொடுத்ததில்தான் அது ஓடுகிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கழற்றி வைத்தால் ஒன்றரை நாள் ஓடும் என்று அவளே ஒருமுறை சொல்லியிருந்தாள். அலமாரி முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும் என்று தோன்றியபோது, கடிகாரத்தைத் தூக்காமலே, நகத்தால் அந்தக் குமிழை வெளியே இழுத்தார். வினாடி முள் நின்றது. உள்ளே இருக்கிற மிச்சமாவது இருக்கட்டும் என்று நிறுத்தினார்.

அன்றைக்கு சொர்ணம், அவர் மனைவி, அதைக் காதில் வைத்துப் பார்க்கிறேன் என்று கையை நீட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு சுடுசொல் சொல்லாத மனிதர் அன்று கத்தினார். தெருவே கேட்டது. சொர்ணம் கையை மடக்கிக்கொண்டாள். அதன்பிறகு அவள் அதைக் கேட்கவே இல்லை. அவரும் உப்பளத்துக்குப் போகாமல், அலமாரிக்குக் காவலாய் வீட்டிலேயே கிடந்தார்.

பெலிசிட்டா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அனுதாபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. குமிழ் உள்ளே அமுங்கி இருந்தால்தான் கடிகாரத்துக்குக் கதவு சாத்தியிருக்கிறது என்று அர்த்தம், வெளியே இருந்தால் காற்று போகும், நம் ஊர்க் காற்று உப்புக் காற்று என்றார். உள்ளே ஈரம் இறங்கிவிட்டது. பிரித்துக் கழுவ வேண்டும். பிரிப்பதற்கு முன்னால் ஸ்பிரிங்கில் இருக்கிற முறுக்கை இறக்கியாக வேண்டும்.

"இறக்காமச் செய்ய முடியாதா?"

"முடியாது."

"செய்யாம விட்டா?"

"துரு அந்த ஸ்பிரிங்கையே தின்னுரும்."

உப்பு இரும்பை என்ன செய்யும் என்று பிச்சையாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை பம்புகளை அவரே காயலான் கடைக்கு அனுப்பியிருக்கிறார். கடிகாரத்தைப் பஞ்சோடு ஏந்திக்கொண்டு, வந்தது போலவே நடந்து போய்விட்டார்.

மறுநாள் வெறுங்கையோடு வந்து நின்றார். இரவெல்லாம் தூங்காத கண்.

"எம்பிள்ள கை அசைச்சது இன்னும் அதுக்குள்ள இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்கம்மா."

"தொறந்தாத்தான் தெரியும்."

"அதுல வேற யாரு கையும் படக்கூடாது."

பெலிசிட்டா யோசித்தார். பிறகு டப்பாவுக்குள் கையை விட்டு, யாரோ வேண்டாமென்று விட்டுப்போன ஒரு பழைய கடிகாரத்தை எடுத்தார். மெல்லிய திருப்புளி ஒன்றை அதன் பக்கத்தில் வைத்தார். மேஜையின் மறுபுறம் இருந்த ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"அப்ப நீங்க கத்துக்கிடுங்க, அண்ணாச்சி."

இப்படித்தான் ஐம்பத்து நாலு வயதில் பிச்சையா சீடரானார். அன்றிலிருந்து பெலிசிட்டாவை டீச்சர் என்று கூப்பிட்டார்.

காலையில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார். பொழுது சாயும்போது திரும்புவார். பஸ்ஸிலேயே போய்வந்தார், குலுங்கக்கூடாதது வீட்டில் பத்திரமாக இருந்தது. சொர்ணம் சோறு போடுவாள், அவர் சாப்பிடுவார். கடையில் என்ன செய்கிறீர்கள் என்று அவள் கேட்டதில்லை. பகலெல்லாம் நீ என்ன செய்தாய் என்று அவரும் கேட்டதில்லை. பேச்சு ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியும் என்று இருவருக்கும் தெரியும்.

உப்பில் வெடித்த விரல்கள் அவருடையவை. இடுக்கியைப் பிடித்தால் அது எங்கே முடிகிறது, தன் விரல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. முதல் நாளே ஒரு திருகு தெறித்துப் போயிற்று. தரையில் தவழ்ந்து தேடினார். கிடைக்கவில்லை. அடுத்த நாள் எங்கிருந்தோ ஒரு காந்தம் கொண்டுவந்தார். பெலிசிட்டா அதை வாங்கித் தெருவில் வீசிவிட்டார். காந்தம் பட்டால் கடிகாரத்துக்குள் முடி போல இருக்கும் சின்னச் சுருள் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும், கடிகாரம் பைத்தியம் மாதிரி ஓடும் என்றார். மேஜையிலிருந்து அவர் மடிவரைக்கும் ஒரு துணியை இழுத்துக் கட்டினார். விழுவது இனி மடியில்தான் விழும்.

கடிகாரத்துக்கு உள்ளே தகடு பித்தளை. அச்சுகள் எஃகு. அச்சு முனை உட்காரும் குழியில் மட்டும் சிவப்பாக, கடுகைவிடச் சின்னதாக ஒரு கல்.

"கல்லு எதுக்கு டீச்சர்? அழகுக்கா?"

"இரும்பும் பித்தளையும் நேரா உரசிக்கிட்டா ரெண்டும் தேயும். நடுவுல ஒரு கல்லு வேணும்."

"கல்லு தேயாதா?"

"தேயாது. எண்ணெய்தான் காஞ்சுபோகும்."

அவர் மூச்சு விட்டால்கூட அந்தச் சுருள் ஆடியது. மூச்சை அடக்கிக்கொண்டு வேலை செய்யப் பழகினார். அப்படி அடக்கியிருக்கும்போது மட்டும் நெஞ்சில் ஒன்றும் இல்லாதது போல இருந்தது. அதற்காகவே அடக்கினார். ஒருநாள் கண் இருட்டிக்கொண்டு வந்து, மேஜையைப் பிடித்துக்கொண்டார். பெலிசிட்டா பார்த்தும் பார்க்காதது போல் டீ சொல்லி அனுப்பினார்.

இன்னொரு நாள் முதன்முதலாக அவர் கழுவிப் பூட்டிய கடிகாரம் ஓடியது. காதில் வைத்துக் கேட்டார். ஓடுகிற சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். பெலிசிட்டா கடிகாரத்தைத் திருப்பி வைத்து, பல்சக்கரத்தின் பக்கத்தில் ஆடும் ஒரு கவையைக் காட்டினார்.

"ஸ்பிரிங் மொத்தத்தையும் ஒரேயடியா விட்டுரத்தான் பாக்கும். இது ஒவ்வொரு பல்லா மறிச்சு மறிச்சு விடுது. மறிக்கிற சத்தம்தான் கேக்குது."

"அப்ப ஓடுற சத்தம்?"

"அதுக்குச் சத்தம் கிடையாது."

அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவருக்கு வேறு நினைப்பில்லை. வினோதினி சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு ஓடி வரும்போது, மெதுவா வா, மெதுவா வா என்று வாசலில் நின்று மறித்துக்கொண்டே இருப்பார்.

கேட்க வந்த கேள்வியை அவர் மறந்துவிடவில்லை. கடிகாரத்தை ஓட்டும் மெயின் ஸ்பிரிங்கைக் கற்றுக்கொள்ளும் நாள் வந்தபோது, மகள் கை அசைத்தது இன்னும் உள்ளே இருக்குமா என்று மறுபடி கேட்டார். பெலிசிட்டா, முறுக்கு முழுதும் இறங்கிய ஒரு கடிகாரத்திலிருந்து ஸ்பிரிங் இருக்கும் உருளையை எடுத்து அவர் கையில் கொடுத்து, மூடியைத் திறக்கச் சொன்னார். திறந்ததுதான் தாமதம். உள்ளே சுருண்டு கிடந்த நாடா பாம்பு போலச் சீறி வெளியே பாய்ந்து, அவர் விரலைக் கீறிவிட்டு, மேஜைமேல் வளைந்து நெளிந்து கிடந்தது.

விரலில் கசிந்த ரத்தத்தை அவர் துடைக்கவில்லை. அந்த எஃகு நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் தீந்த பெறகும் உள்ள இவ்வளவு இருக்குமா?"

"இருக்கும்."

"அது போதுமே டீச்சர்."

"இருக்கும். ஆனா ஓட்டாது."



மார்கழி முடியும் சமயத்தில் கடிகாரத்தின் வெள்ளை முகத்தில், ஆறுக்குப் பக்கத்தில், தேமல் போல ஒரு பழுப்பு படர்ந்திருப்பதைப் பார்த்தார். ஆவி போய்த் துரு வந்திருந்தது. பெலிசிட்டாவிடம் சொன்னார். இனிமேல் தள்ளிப்போட முடியாது என்றார் அவர். அப்படியானால் நாளை கொண்டுவருகிறேன் என்றார் பிச்சையா. மறுநாள் மறுபடியும் நடந்தே கொண்டுவந்தார்.

வேறு யாரும் உள்ளே வராதபடி பெலிசிட்டா கடையின் முன்கதவைச் சாத்தினார். பிச்சையா பின்மூடியைத் தானே கழற்றினார். கை அசையும்போது சுழலும் அரைவட்டத் தகடு தெரிந்தது. ரோட்டர். அதன் விளிம்பில் துருப்பொடி. வினோதினி நடந்தபோதெல்லாம் சுற்றியது இதுதான். அதன் திருகைக் கழற்றி, தகட்டைத் தூக்கி, வெள்ளைத் துணியில் வைத்தார்.

அதன் கீழே மெயின் ஸ்பிரிங்கை முறுக்கும் சக்கரம். ஏறிய முறுக்கு பின்வாங்கிவிடாதபடி அதன் பல்லில் ஒரு சின்ன நாக்கு உட்கார்ந்திருந்தது.

இந்த இடத்தை அவர் எத்தனையோ பழைய கடிகாரங்களில் பழகியிருந்தார். சக்கரத்தின் நடுத் திருகில் திருப்புளியை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். மரக்குச்சியால் நாக்கை ஒதுக்க வேண்டும். கையை விட்டுவிட்டால் முறுக்கு முழுதும் ஒரே வீச்சில் தெறித்து ஓடிவிடும், பல் உடைந்தாலும் உடையும். விடாமல் பிடித்தால் ஸ்பிரிங் திருப்புளியைத் தள்ளும், திருப்புளி விரலைத் தள்ளும். தள்ளத் தள்ள இடம் கொடுத்து, மெதுவாக இறக்க வேண்டும். உள்ளே இருந்த அத்தனையும் விரல் வழியாகத்தான் வெளியே போகும்.

அதிகம் இருக்காது என்று அவருக்குத் தெரியும். தீர்ந்துபோகிற நேரத்தில் நிறுத்தியது. ஒரு சுற்று வரலாம். அதுவும் இல்லாமல் போகலாம். அந்த ஒரு சுற்றுக்காகத்தான் மழைக்காலம் முழுதும் இந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

நாக்கை ஒதுக்கினார்.

திருப்புளி அவர் விரலைத் தள்ளியது. உயிருள்ள ஒன்று தள்ளுவது போலத் தள்ளியது. பிச்சையா கண்ணை மூடிக்கொண்டார். இடம் கொடுத்தார். ஒரு சுற்று வந்தது. முடிந்தது என்று நினைத்தார். முடியவில்லை. இரண்டாவது சுற்றும் அதே பலத்தோடு வந்தது. மூடிய கண்ணிலிருந்து நீர் இறங்கி மடித் துணியில் விழுந்தது. "இவ்வளவு வச்சிட்டுப் போயிருக்கா டீச்சர்" என்றார். அந்தக் குரலில் இருந்தது சந்தோஷம்தான். சித்திரைக்குப் பிறகு அவர் குரலில் அது வந்ததே இல்லை.

பெலிசிட்டா சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னும் வந்தது. அவர் கண்ணைத் திறந்தார். விரலில் தள்ளிக்கொண்டிருந்த பலத்தை இப்போது கவனித்தார். பழகிய விரல்களுக்கு அது புரிந்துவிட்டது. மரக்குச்சியை எடுத்து நாக்கை விட்டார். அது பல்லில் போய் உட்கார்ந்தது. சக்கரம் நின்றது.

"டீச்சர், இது நெறைஞ்சு இருந்திருக்கு."

"ஆமா."

"நான் நிறுத்துனப்ப தீர்ற நேரம்."

"ஆமா, அண்ணாச்சி."

"குமிழ் வெளிய இருந்தாலும் ஏறுமா?"

"குமிழ் முள்ளத்தான் நிறுத்தும். யாராவது கையில கட்டுனா ஸ்பிரிங் ஏறத்தான் செய்யும்."

கையில் யார் கட்டினார்கள் என்று கேட்க வாயெடுத்தவர் கேட்கவில்லை. வீட்டில் சொர்ணத்தைத் தவிர வேறு யாரும் இல்லை.

அவர் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை திரும்பியதும் அவள் அலமாரியைத் திறந்திருக்க வேண்டும். பஞ்சிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டு வாசல் பெருக்கியிருப்பாள். தண்ணீர் பிடித்திருப்பாள், துணி துவைக்கும்போது கழற்றி வைத்துவிட்டு மறுபடி கட்டியிருப்பாள், அரிசி களைந்திருப்பாள். அவர் வருகிற நேரத்துக்குத் திரும்பப் பஞ்சில் வைத்திருப்பாள். அவர் இல்லாத நேரம் அவளுக்குக் கிடைத்ததே, அவர் இங்கே வந்து உட்கார்ந்ததால்தான். ஒருமுறைகூட அவள் குமிழை உள்ளே அழுத்தவில்லை. அழுத்தியிருந்தால் ஓடியிருக்கும். காதில் வைத்துக் கேட்டிருக்கலாம். காதில் வைக்கக் கை நீட்டியபோது அவர் கத்தியது அவளுக்கு நினைவிருந்திருக்கிறது. ஓடாத கடிகாரத்தைத்தான் கட்டிக்கொண்டு இத்தனை நாளும் நடந்திருக்கிறாள்.

பிச்சையாவின் முகம் கறுத்துப்போயிற்று. அவள்மேல் வந்த கோபம் வந்த வேகத்திலேயே போய்விட்டது. அதன்பிறகு அவரிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. சுருங்கிய தோளோடு மேஜைமேல் திறந்து கிடந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மழை விட்டு, தகரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"இதுல எம்பிள்ளையோடது எதுன்னு இனி எப்படித் தெரியும்?" என்றார். "எல்லாம் கலந்துபோச்சு டீச்சர். மோசம் போயிட்டேன். நான் வச்சிருந்ததும் இல்ல, அவ அம்மாவுக்குக் குடுத்ததும் இல்ல."

திருப்புளியை எடுத்துவிட்டார். மரக்குச்சி மட்டும் கையில் இருந்தது. பிடிமானம் இல்லாமல் நாக்கைத் தட்டிவிட்டால் போதும். மிச்சம் இருப்பது எல்லாம் ஒரே வீச்சில் ஓடித் தீர்ந்துவிடும். பல் உடைந்தால் உடையட்டும். குச்சியை நாக்கின்மேல் வைத்தார்.

பெலிசிட்டா தன் இடுக்கியை நீட்டி, அந்த நாக்கை அது இருந்த இடத்திலேயே அழுத்திப் பிடித்தார். இன்னொரு கையால் திருப்புளியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"முதல்ல ஏறுனதுதான் கடைசியில இறங்கும், அண்ணாச்சி. பிடிச்சுக்கிடுங்க."

பிச்சையா பெலிசிட்டாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு திருப்புளியை வாங்கித் திருகில் வைத்து அழுத்தினார். பெலிசிட்டா இடுக்கியை எடுத்துக்கொண்டார்.

திருப்புளி பிச்சையாவின் விரல்களுக்குள் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.